காவேரி போடாத கையெழுத்து

காவேரிக்கு எலி என்றாலே ஆகாது. வடக்குப்பட்டில் அவள் வீட்டுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருந்த காலத்தில், வரப்பு வளையை மண்வெட்டியால் வெட்டி எலியை அடிப்பது அவள் வேலை. பிறகு நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது. 2009-இல் அவளை எலிகளுக்குத் தீனி போடும் வேலைக்கு எடுத்தவன் நான். "எலியக் கையால பிடிப்பீங்களா?" என்று நேர்காணலில் கேட்டேன்.

"புடிப்பேன் சார். புடிச்சி உசுரோட வுட்டதுதான் இல்ல. அத்த வேணா கத்துக்கறேன்" என்றாள்.

சிரித்துவிட்டேன். சிரிக்க வைத்தவளுக்கு வேலை இல்லை என்று எப்படிச் சொல்வது?

என் பெயர் கோமதிநாயகம். ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடம் சாலையில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் எலி அறைகளுக்கு மேற்பார்வையாளராக இருந்தேன். சுற்றிலும் கார் செய்கிறவர்கள், போன் செய்கிறவர்கள், டயர் செய்கிறவர்கள். நடுவில் நாங்கள் வெள்ளெலி வளர்த்தோம். ஷிப்ட் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் "நீங்க என்னண்ணே தயாரிக்கீங்க?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காவேரிக்கு நடந்த அநியாயத்தில் பாதி என் கோபம் செய்தது.

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். வாய் ஓயாமல் எலிகளைத் திட்டுவாள். "தின்னு மூதேவி, ஒனக்குன்னு ஏசி ரூம் வேற" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர்ப் புட்டியின் குழாய் முனையை விரலால் தட்டி, சொட்டு விழுகிறதா என்று பார்ப்பாள். ஒரு புட்டியைக்கூட விட மாட்டாள். கூண்டு மாற்றும்போது அவளுக்கு ஒரே சட்டம்தான்: ஒரு எலி, ஒரு கூண்டு, ஒரு அட்டை. பழைய கூண்டிலிருந்து எலியைத் தூக்கிப் புதுக்கூண்டில் விட்டு, அந்தக் கூண்டின் அட்டையைக் கழற்றிப் புதியதில் மாட்டி முடிக்கும்வரை அடுத்த கூண்டைத் தொட மாட்டாள். கூரை இடிந்து விழுந்தாலும் தொட மாட்டாள். எட்டாவது வரைதான் படித்தவள். ஆனால் மூன்று வருடத்தில் அவள் பதிவேட்டில் நான் ஒரு அடித்தல்கூடப் பார்த்ததில்லை.

2012-இல் ரகுபதி என்ற விஞ்ஞானி வந்தார். முப்பது வயது இருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் லாட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தார். நல்ல மனிதர், ஆனால் மூளை ஓடும் வேகத்துக்குக் காது ஓடாது. அவருடைய பரிசோதனையை எங்களுக்கு விளக்க ஒருநாள் காலையில் எல்லாரையும் கூப்பிட்டார்.

உடம்புக்குள் ஒரு படை இருக்கிறது, அந்நியமாக எது வந்தாலும் அடிக்கும் என்றார். ஒரு எலியின் தோலை வேறு இன எலியின் முதுகில் ஒட்டினால், அந்தப் படை தோலைத் தாக்கிக் காய்ந்து விழ வைத்துவிடும். ஆனால் படை வரம்பு மீறாமல் அடக்கி வைப்பதற்கென்றே சில செல்கள் உண்டு. ஒழுங்குபடுத்தும் செல்கள் என்று அவற்றுக்குப் பெயர்.

"ஏட்டையா மாதிரின்னு சொல்லுங்க சார்" என்றாள் காவேரி. அன்றிலிருந்து எங்கள் எல்லாருக்கும் அது ஏட்டு செல்தான். ரகுபதிகூட அப்படித்தான் சொல்ல ஆரம்பித்தார்.

இந்த ஏட்டு செல் ஒரு நச்சு நொதியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகத் தனக்குள் வைத்திருக்கும். சொன்ன பேச்சுக் கேட்காத படைச் செல்லுக்குள் அதைச் செலுத்தினால் அது செத்துப்போகும். சில சமயம் பொட்டலம் ஏட்டுக்குள்ளேயே கசியும். அதற்காக ஏட்டு தன் உடம்புக்குள் ஒரு புரதத்தையும் வைத்திருக்கிறது. கசிந்த நொதியை அந்தப் புரதம் கவ்விப் பிடித்து, அதோடு சேர்ந்து தானும் வீணாகிப் போகும். ரகுபதியின் எண்ணம் என்னவென்றால், இந்தப் புரதம் நொதிக்குப் போட்ட பூட்டு. பூட்டு இல்லாத ஏட்டு செல்லைக் கொடுத்தால் நொதிக்கு வேகம் கூடும், ஏட்டு இன்னும் கண்டிப்பாக இருப்பார், ஒட்டிய தோல் இன்னும் அதிக நாள் தாங்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன்.

இருபது எலிகள். பிறவியிலேயே சொந்தப் படை இல்லாதவை. எல்லாவற்றுக்கும் முதுகில் ஒட்டுத்தோல். எல்லாவற்றுக்கும் வெளியிலிருந்து படைச் செல்கள். பத்துக்குச் சாதாரண ஏட்டு செல்லை ஊசியில் ஏற்றி வெள்ளை அட்டை மாட்டினார். மீதிப் பத்துக்குப் புரதம் இல்லாத ஏட்டு செல்லை ஏற்றி மஞ்சள் அட்டை. ஒரு கூண்டுக்கு ஒரு எலி. வெள்ளைக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று என்று சக்கரம் வைத்த இரண்டு ராக்குகளில் கூண்டுகளை அடுக்கினோம். வழக்கமாகக் காதில் துளை போட்டு எலிக்கு அடையாளம் வைப்போம். எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகள், காது சீழ் பிடிக்கும் என்று ரகுபதி அதை வேண்டாம் என்றார். நானும் சரி என்றேன். அதனால் எந்த எலி எந்த வகை என்பதற்கு அட்டையைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்தச் சரியைச் சொன்ன என் வாயை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

தோல் ஒட்டிய ஆறாம் நாள் ஆயுத பூஜை வந்தது. ஒரகடத்தில் ஆயுத பூஜை என்றால் ரோபோவுக்கே பொட்டு வைப்பார்கள். எலி அறைக்குள் குங்குமம், கற்பூரம், சாம்பிராணி எதுவும் கூடாது. ஆனால் ஒன்றுமே செய்யாமல் இருக்க மனசு வருமா? "கதவுக்கு வெளியில பொட்டு வெச்சிக்கறேன் சார். உள்ள கழுவித் தொடச்சி, ரெண்டு ராக்கையும் கெழக்கப் பாத்து திருப்பிக்கறேன். பூசை முடிஞ்சதும் எடத்துல வெச்சிடறேன்" என்று காவேரி கேட்டாள். தெற்கே பார்த்தபடி எதுவும் பூஜைக்கு நிற்கக் கூடாதாம். நான் ஒப்புக்கொண்டேன். அன்று ஒரே நாளில் இருபது கூண்டையும் அவள் ஒருத்தியே மாற்றினாள். வெள்ளை அட்டை ராக்கையும் மஞ்சள் அட்டை ராக்கையும் கிழக்கே திருப்பி, தொட்டுக் கும்பிட்டு, மாலையில் பழையபடி வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து எலிகளின் முதுகுக் கட்டைப் பிரித்தோம். இருபதிலும் தோல் ரோஜா நிறத்தில் ஒட்டியிருந்தது. மூன்றாவது வாரத்தில் மஞ்சள் அட்டை எலிகளின் ஒட்டுத்தோல் கறுத்துக் காய ஆரம்பித்தது. நவம்பர் முடிவதற்குள் பத்தும் விழுந்துவிட்டன. வெள்ளை அட்டையில் எட்டு எலிக்குத் தோல் அப்படியே இருந்தது. ரகுபதி எதிர்பார்த்ததற்கு நேர்தலைகீழ். பரிசோதனை முடிந்ததால் விதிப்படி எலிகளைக் கருணைக்கொலை செய்து எரித்துவிட்டார்கள். நடுவில் கூண்டுப் பக்கமே வராத ரகுபதி, அதற்குப் பிறகுதான் பதிவேட்டை அட்டவணையாகப் போட்டுப் பார்த்து, என் அறைக்கு ஓடி வந்தார்.

"சார், கூண்டு மாறியிருக்கு. அப்படியே இடம் மாறியிருக்கு. ஆயுத பூஜை அன்னைக்கு என்ன நடந்தது?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. காவேரியைக் கூப்பிட்டேன். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. ராக்கைத் திருப்பியதையும் கூண்டு மாற்றியதையும் அந்தந்த எலியின் அட்டையைப் புதுக்கூண்டில் மாட்டியதையும் வரிசையாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல ரகுபதி தலையில் கை வைத்துக்கொண்டார். நானோ, திருப்ப அனுமதி கொடுத்தவனே நான்தான் என்பதை மறந்துவிட்டுக் கத்தினேன். "எலி ரூம் என்ன கோயிலா? ஆராய்ச்சியக் கெடுத்துட்டீங்களே யம்மா!"

"ராக்கத் திருப்பினேன். அட்டைய மாத்தல" என்றாள்.

"பின்ன எல்லாம் எப்படித் தலைகீழா வரும்?"

"அது எனக்கு எப்டி சார் தெரியும்? நான் அட்டைய மாத்தல."

நிர்வாகத்துக்கு ஒரு காரணம் வேண்டும். காரணத்துக்குக் கீழே ஒரு கையெழுத்து வேண்டும். கடிதத்தை நான்தான் எழுதினேன். 'ஆயுத பூஜை அன்று கூண்டுகளைச் சுத்தம் செய்தபோது என் கவனக்குறைவால் அட்டைகள் மாறிவிட்டன. இனி இவ்வாறு நடக்காது.' கையெழுத்துப் போட்டால் ஓர் எச்சரிக்கையோடு முடிந்துவிடும், வேலை இருக்கும். போடாவிட்டால் பொங்கல் கழிந்ததும் விசாரணை, அதன் முடிவு எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அவள் கடிதத்தை வாங்கி, எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள். என் மேஜையிலேயே திருப்பி வைத்தாள்.

"போட மாட்டேன் சார்."

"யம்மா, வேலை போயிரும். நெலமும் இல்ல. வீட்ல என்ன செய்வீங்க? ஒரு கையெழுத்துத்தான், போட்டுட்டுப் பேசாம இருங்க."

"செஞ்சிருந்தா மொத நாளே ஒங்க கால்ல வுழுந்திருப்பேன். செய்யாதத செஞ்சேன்னு எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கி எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அந்தக் கூண்டத் தொறப்பேன்?"

"பிடிவாதம் பிடிக்காதீங்க!" என்று மேஜையைத் தட்டினேன். அவள் அசையவில்லை. மறுநாளிலிருந்து எலி அறைக்குள் அவள் நுழையக் கூடாது என்று உத்தரவு போட்டு, கூண்டு கழுவும் பகுதிக்கு அனுப்பினேன். ஆவியிலும் சோப்புத் தண்ணீரிலும் நாள் முழுக்க நிற்கும் வேலை. அங்கே நின்றால் இரண்டே நாளில் வழிக்கு வருவாள் என்று கணக்குப் போட்டேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

அவள் வரவில்லை. அவள் கணவன் எல்லப்பன் வந்தான். பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வாசலில் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். "சார், நான் சொல்லிப் பாத்துட்டேன். ஒரு கையெழுத்துதானடி, போட்டுட்டு வேலையப் பாருடின்னா, மூணு நாளா எங்கூட பேச மாட்டேங்குது. சோறு மட்டும் போடுது. நீங்கதான் எதனா பண்ணணும்." எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அப்படி அந்த வீட்டிலும் போய் விழுந்திருந்தது.

தினமும் காலையில் கழுவும் பகுதிக்குப் போகும் வழியில் காவேரி என் அறை வாசலில் ஒரு நிமிடம் நிற்பாள். "கூண்ட எப்ப குடுப்பீங்க சார்?" என்பாள். "கையெழுத்து?" என்பேன். "அது இல்ல" என்று போய்விடுவாள். ஒருநாள்கூடத் தவறவில்லை. நாளாக ஆக அந்தக் கேள்வி வரும் நேரத்துக்கு முன்பே நான் ஒரு ஃபைலைத் திறந்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு, மாலை ஷிப்ட் விட்டதும் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் காவேரி ஏறினாள். அவள் வீடு எதிர்த்திசை. ரகுபதி உட்கார்ந்திருந்த சீட்டுக்கு முன்சீட்டில் மண்டியிட்டுத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பின்சீட்டில் இருந்த நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சார், ஒரே ஒரு கேள்வி. எல்லாம் தலைகீழா வந்திச்சின்னு சொல்றீங்க. தலைகீழா ஆனது நான் மாட்டின அட்டைதான்னு எப்டி முடிவு கட்டினீங்க? நீங்க நெனச்சது தலைகீழா இருக்கக் கூடாதா?"

"அக்கா, நான் சும்மா நினைக்கல. காரணம் இருக்கு" என்றார் ரகுபதி. "உறைக்குள்ள இருக்கிற கத்தி வெட்டுமா? உறையை எடுத்தாத்தானே வெட்டும்?"

காவேரி வலது கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். மோதிர விரலும் சுண்டு விரலும் பொசுங்கிச் சுருங்கிய கை. "இத்தப் பாருங்க. இங்க வர்றதுக்கு முந்தி மூணு வருசம் பிளேட்டிங் கம்பெனில கான்ட்ராக்ட்டுல இருந்தேன். ஆசிட் தொட்டில பீஸ் முக்கி எடுக்கற வேல. ஒரு நாளு கிளவுஸ் கிழிஞ்சி பூட்ச்சி. வேற குடுன்னா, நாளைக்கின்னான் சூப்பர்வைசர். கிளவுஸ் இல்லன்னா வேல ஜோரா நடக்குமா சார்? கை வெந்து பூடும். மறுநாளு வேலைக்கே போவல நான். கத்தி வெளிய கீது. ஒங்க ஏட்டையாவுக்கு ஆசிட் வயித்துக்குள்ள இல்ல கீது?"

அவள் ஒரகடம் கூட்ரோட்டில் இறங்கிப் போய்விட்டாள். ஸ்ரீபெரும்புதூர் வரும்வரை ரகுபதி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னாலும் தூங்குவதுபோல் நடிக்க முடியவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு அவர் ஊருக்குப் போகவில்லை. உறைநிலையில் சேமித்து வைத்த ஏட்டு செல்கள் இரண்டு வகையிலும் கொஞ்சம் மிச்சம் இருந்தன. அவற்றைத் தட்டில் வளர்த்தார். எது எந்த வகை என்று தனக்கே தெரியக் கூடாது என்று என்னைக் கூப்பிட்டு எண் போடச் சொன்னார். செல்களைச் சும்மா வைத்தபோது இரண்டும் நன்றாகவே இருந்தன. படையைக் கண்டால் விழித்துக்கொள்வதுபோல மருந்து போட்டு அவற்றை உசுப்பிவிட்டார். மூன்றாம் நாள் ஒரு தட்டில் பெரும்பாலான செல்கள் செத்துக் கிடந்தன. என்னிடம் இருந்த சீட்டை வாங்கிப் பிரித்தார். செத்தவை புரதம் இல்லாதவை.

என் அறைக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "வேலையை ஆரம்பிச்ச உடனேதான் சார் சாகுது. நொதி ஊற ஊற உள்ளேயே கசியுது, பிடிச்சு நிறுத்த ஆளில்லை. எதிரி ஒருத்தனைக்கூடத் தொடாமலே தன் விஷத்துல தானே போயிடுது. நான் பூட்டுன்னு நினைச்சேன். அது அதோட உயிர்." "அந்த அக்கா சொன்னது சரியா இருக்கலாம். நாம அவங்க மேல வீண்பழி போட்டுட்டோம் சார்" என்றார்.

நிர்வாகம் அசையவில்லை. தட்டு வேறு, எலி வேறு என்றார்கள். அதுவும் நியாயம்தான். விசாரணையை மட்டும் மே மாதத்துக்குத் தள்ளினார்கள். ரகுபதி பரிசோதனையை முதலிலிருந்து திரும்பச் செய்ய அனுமதி வாங்கினார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள்: காவேரி அந்தப் பக்கமே வரக் கூடாது. அந்தக் கூட்டத்தில் எனக்கு வந்த கோபம், என் வாழ்நாளில் உருப்படியாக வந்த ஒரே கோபம்.

"கூண்டு மாத்துற ஆளை மாத்துனா, நாளைக்கு இதே முடிவு வந்தாலும் ஆள் மாறுனதாலதான்னு நீங்களே சொல்லுவீங்க" என்றேன். "அவங்கதான் பாக்கணும். தப்பு வந்தா என் சீட்டையும் சேத்துக் கிழிச்சுருங்க." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எதிரில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் சரி என்றார்கள்.

செய்தியைச் சொல்லக் கழுவும் பகுதிக்குப் போனேன். அவள் கை நனைந்து ஊறி வெளுத்திருந்தது. காவேரி துள்ளவில்லை. என்னை உட்கார வைத்துத் தன் நிபந்தனைகளைச் சொன்னாள்.

"இந்த வாட்டி காதுல துளை போடுங்க. சீழ் புடிக்காம நான் பாத்துக்கறேன். எந்த அட்டைக்கு எந்த ஊசின்னு எனக்குத் தெரிய வேணாம், ஒங்களுக்கும் தெரிய வேணாம். ரகுபதி சார் எழுதி கவர்ல போட்டு ஒட்டட்டும். அப்பறம் இன்னொண்ணு. ஆறாம் நாளு இருவது கூண்டையும் ஒரே நாள்ல மாத்துவேன். ராக்க ரெண்டையும் கெழக்கப் பாத்துத் திருப்புவேன்."

"அது எதுக்கு யம்மா? பெப்ரவரியில ஏது ஆயுத பூஜை?"

"திருப்பினதாலதான் மாறிச்சின்னு சொன்னீங்கல்ல? இப்பவும் மாறட்டும். காது சொல்லட்டும்."

சொன்னபடியே செய்தாள். பண்டிகையும் இல்லை, பொரியும் இல்லை. பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, அத்தனை பேரும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க, அவள் தனியாக இருபது எலியையும் புதுக்கூண்டுக்கு மாற்றினாள். ஒரு எலி, ஒரு கூண்டு, ஒரு அட்டை. இரண்டு ராக்கையும் உருட்டிக் கிழக்கே திருப்பினாள். மாலையில் திருப்பிப் பழையபடி வைத்தாள். முகமூடிக்கு மேலே தெரிந்த அவள் கண் ஒருமுறைகூட எங்கள் பக்கம் வரவில்லை. காது ஒன்றுகூடச் சீழ் பிடிக்கவில்லை. காலையும் மாலையும் ஒவ்வொரு காதாகப் பார்த்துச் சுத்தம் செய்தாள், திட்டிக்கொண்டேதான்.

மார்ச்சில் ஒரு ராக்கில் தோல் கறுக்க ஆரம்பித்தது. அவள் பதிவேட்டில் 'காய்ந்தது', 'நன்றாக உள்ளது' என்று எழுதியதோடு சரி. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எல்லப்பன் என் எண்ணை எங்கிருந்தோ பிடித்து மூன்று தடவை போன் செய்தான்.

ஏப்ரல் கடைசியில் கவரைப் பிரித்தோம். நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். காவேரி எலியைத் தூக்கிக் காதுத் துளையின் எண்ணையும் அட்டையின் எண்ணையும் சொன்னாள். ரகுபதி தன் காகிதத்தில் பார்த்தார். முதல் எலி பொருந்தியது. இரண்டாவது பொருந்தியது. இருபதும் பொருந்தின. ஒரு அட்டைகூட இடம் மாறவில்லை. பிறகு எந்த ராக் எந்த வகை என்று வாசித்தார். புரதம் இல்லாத ஏட்டு செல்லை ஏற்றிய பத்து எலிகளில் ஒன்பதுக்குத் தோல் விழுந்திருந்தது. சாதாரண ஏட்டு செல் ஏறிய எலிகளில் ஒன்பது தோலோடு ஓடிக்கொண்டிருந்தன. முதல் தடவை வந்ததும் கிட்டத்தட்ட இதுவேதான்.

ரகுபதி கை கூப்பினார். "அக்கா, தப்பு என் மேல. நான் நினைச்சதுதான் தலைகீழ்."

காவேரி கையிலிருந்த எலியைப் பத்திரமாகக் கூண்டில் விட்டு, மூடி, தண்ணீர்ப் புட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு உடை மாற்றும் அறைக்குப் போனாள். முகமூடியைக் கழற்றிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்புறம் அழுதாள் பாருங்கள், அப்படி ஓர் அழுகை. நாலு மாதமாக ஒரு சொட்டு விடாதவள். அழுதுகொண்டே எங்கள் எல்லாரையும், எங்கள் படிப்பையும், எங்கள் ஏசியையும் வாய்க்கு வந்தபடி திட்டினாள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டேன். எனக்குச் சேர வேண்டிய திட்டுதான்.

"மன்னிச்சிருங்க யம்மா" என்றேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "மன்னிப்பெல்லாம் வாயால வேணாம். என்னிய எழுதிக் குடுன்னு நாலு மாசம் கேட்ட இல்ல? இப்ப நீ எழுதிக் குடு சார்."

மறுநாள் எழுதினேன். நிர்வாகத்தோடு கலந்து, நல்ல ஆங்கிலத்தில், அரைப்பக்கம். "இன்னா எழுதிகீதுன்னு எனக்குத் தெரியல. தமிழ்ல குடு" என்று திருப்பித் தந்தாள். தமிழில் எழுதினேன். 'கடந்த ஆண்டு நிகழ்ந்த தவறான புரிதலுக்கு நிர்வாகம் வருந்துகிறது.' கழுவுற மீனில் நழுவுற மீன் நான். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். முழுவதும் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எம் மேல பழி போட்டது யாரு சார்? நிர்வாகமா வந்து மேஜையத் தட்டிச்சி?"

அவள் எதிரிலேயே உட்கார்ந்து மூன்றாவது கடிதம் எழுதினேன். ராக்கைத் திருப்ப அனுமதி கொடுத்தது நான். காதில் துளை வேண்டாம் என்றதற்குச் சரி சொன்னது நான். விசாரிக்காமல் கத்தியது நான். காவேரி எந்தத் தவறும் செய்யவில்லை, செய்ததாக எழுதிய கடிதம் பொய், அந்தப் பொய்யை எழுதியவன் கோமதிநாயகம். கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். என் வேலை, என் பதவி, ஊரில் என் பெயர் எல்லாம் அந்த நேரத்தில்தான் ஞாபகத்துக்கு வந்தன. ஒரு கையெழுத்து எவ்வளவு கனம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் அவசரப்படுத்தவில்லை. கை கட்டிக்கொண்டு நின்றாள்.

போட்டேன்.

காகிதத்தை வாங்கி ஒருமுறை படித்தாள். எடுத்துக்கொண்டு போகவில்லை. என் அலமாரியிலிருந்து அவள் பெயர் எழுதிய ஃபைலை எடுத்து வரச் சொன்னாள். அதற்குள் நான் எழுதிய பழைய கடிதம் இருந்தது, கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக.

"அது இருக்கட்டும், கிழிக்காத" என்றாள். "இத்த அதுக்கு மேல வெச்சி பின் அடி சார். ஃபைலத் தொறக்கறவன் கண்ணுல மொதல்ல இதுதான் படணும்."

பின் அடித்தேன்.